நாம் கிரஜியப்: தாய்லாந்தின் சிவப்புப் புளிப்புப் பானத்தை வீட்டில் செய்வது எப்படி

பேங்காக்கின் தெருவோரப் பானக் கடைகளில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கும். வல்லாரைச் சாறு பச்சையாக, சாமந்திப்பூத் தண்ணீர் மஞ்சளாக, லோங்கான் பழத் தண்ணீர் பழுப்பாக. நடுவே அடர் சிவப்பில் இருப்பதுதான் 'நாம் கிரஜியப்' என்ற பானம். பாலிதீன் பையில் பாதிக்கு மேல் ஐஸை அள்ளிப் போட்டு, இந்தச் சிவப்புச் சாற்றை ஊற்றி, ஸ்ட்ராவைச் செருகி, ரப்பர் பேண்ட் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் லேசாக ஓர் உப்புச் சுவை.

செய்முறை எளிது. ரோசெல் என்ற செடியின் காய்ந்த புல்லிகளை, அதாவது பூவின் அடியில் இருக்கும் உறை இதழ்களை, கொதிக்க வைத்து, வடிகட்டி, சர்க்கரையும் உப்பும் கலந்து, ஆறவைத்து, ஐஸில் ஊற்ற வேண்டும். இருந்தும் முதன்முறை செய்பவர்களில் பலருக்குப் பல்லைக் கூசவைக்கும் கஷாயம் கிடைக்கிறது, அல்லது ஐஸ் உருகியதும் வெறும் கலர்த் தண்ணீர் கிடைக்கிறது. பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: வாங்கிய பொருள் தவறு, அல்லது சூடாக இருக்கும்போதே ருசி பார்த்து அளவை முடிவு செய்தது. ஆகவே பொருளிலிருந்தே தொடங்கலாம்.

செம்பருத்தி வேறு, இது வேறு

'ஹைபிஸ்கஸ் டீ' என்று எங்காவது படித்துவிட்டு வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தியைப் பறித்துக் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. அதில் இந்தப் பானம் வராது. இரண்டும் ஒரே பேரினம் என்றாலும் தாய்லாந்துக்காரர்கள் பயன்படுத்துவது ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா என்ற செடி. ரோசெல் என்பது அதன் வணிகப் பெயர். ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட இதை இன்று பெரிய அளவில் பயிரிடும் நாடுகளில் சீனாவும் தாய்லாந்தும் முன்னணியில் நிற்கின்றன. நாம் புளிச்சக்கீரை என்று வாங்குவதில் ஒரு வகை இதே செடிதான். ஆந்திரச் சமையலில் கோங்குரா என்பார்கள். கீரைக்காக வளர்ப்பவர்கள் இலையைப் பறித்துவிடுகிறார்கள். பானத்துக்காக வளர்ப்பவர்கள் பூ உதிரும்வரை காத்திருக்கிறார்கள். பூ உதிர்ந்த பிறகு விதைக்காயைச் சுற்றிப் புல்லி இதழ்கள் சதைப்பற்றோடு தடித்துச் சிவக்கும். கடையில் 'காய்ந்த பூ' என்று விற்பது அந்தப் புல்லிகளைத்தான்.

பாக்கெட்டைக் கையில் எடுத்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். காய்ந்த செம்பருத்தி இதழ் மெல்லிசாக இருக்கும், விரலில் நசுக்கினால் பொடிந்துவிடும், சில பூக்களில் நடுவே நீண்ட மகரந்தத் தண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ரோசெல் புல்லி தடிமனானது, தோல்போல விறைப்பானது, கூர்மையான ஐந்து முனைகள் உள்ளே சுருண்டிருக்கும், நிறம் கருஞ்சிவப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வையுங்கள். இரண்டு நொடியில் புளிப்பு ஏறினால் ரோசெல். புளிக்காமல் வழவழவென்று இருந்தால் செம்பருத்தி; அதைத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளலாம்.

தாய்லாந்துச் சந்தையிலேயே வாங்க வாய்ப்புக் கிடைத்தால் 'கிரஜியப் டேங்' என்று கேளுங்கள். டேங் என்றால் சிவப்பு. வெறும் கிரஜியப் என்றால் வெண்டைக்காயை எடுத்து நீட்டவும் கூடும், அதற்கும் அங்கே அதே பெயர்தான். பேங்காக்கின் யாவ்ராத் பகுதியில், சீனர்களின் உலர்பொருள் கடைகளில், இதுவும் இதனுடன் சேர்க்கும் உலர் இலந்தையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

தரம் பார்க்க மூன்று விஷயங்கள் போதும். நிறம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறி மங்கியிருந்தால் பழைய சரக்கு, அல்லது வெளிச்சத்தில் கிடந்தது. முழுப் புல்லிகள் அதிகமாகவும் தூள் குறைவாகவும் இருக்க வேண்டும். தூள் அதிகமானால் மண்ணும் அதிகம், வடிகட்டுவதும் தொல்லை. மோந்து பார்த்தால் உலர் திராட்சைபோல இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை வர வேண்டும். பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் வாங்க வேண்டாம். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி மட்டும் வேண்டாம், அங்கே சூட்டில் நிறம் சீக்கிரம் போய்விடும்.

தேவையானவை

இந்த அளவுக்குச் சுமார் ஒன்றரை லிட்டரிலிருந்து ஒன்றே முக்கால் லிட்டர் பானம் கிடைக்கும். ஐஸோடு பத்து, பதினோரு டம்ளர் வரும்.

காய்ந்த ரோசெல் – 40 கிராம்
தண்ணீர் – 2 லிட்டர்
உலர்ந்த சிவப்பு இலந்தை – 12 முதல் 15
சர்க்கரை – 200 கிராம் (கற்கண்டு என்றால் இன்னும் நல்லது)
உப்பு – கால் டீஸ்பூன், தேவைப்பட்டால் இன்னும் சிறிது
காய்ந்த வில்வக்காய் வில்லை – 2 (விருப்பம்)
ரம்பை இலை (பாண்டன்) – 2 (விருப்பம்)
ஐஸ் – தாராளமாக

ரோசெல்லைக் கப்பில் அளக்காதீர்கள். முழுப் புல்லி ஒரு கப்பில் பிடிப்பதும் உடைந்த துண்டு பிடிப்பதும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசப்படும். தராசு இல்லையென்றால் 100 கிராம் பாக்கெட்டைத் தட்டில் கொட்டி ஐந்து கூறாகப் பிரித்து இரண்டு கூறு எடுங்கள். கண் அளவாக இருந்தாலும் கப்பைவிட நம்பகமானது.

உலர்ந்த சிவப்பு இலந்தை சீனச் சமையலிலிருந்து வந்து சேர்ந்தது. நம் ஊர் இலந்தைக்கு இது ஒன்றுவிட்ட உறவு, அளவில் பெரியது. இது இல்லாமலும் பானம் செய்யலாம், ஆனால் சேர்த்தால் புளிப்பின் கூர்மை மழுங்கும், பானத்துக்குக் கொஞ்சம் கனம் வரும், சர்க்கரையும் சிறிது குறைக்கலாம். கிடைக்காதவர்கள் பேரீச்சம்பழம் நாலைந்து போடுவதுண்டு. இனிப்பு வரும், இலந்தையின் மணம் வராது.

வில்வக்காய் வில்லையைத் தாய்லாந்தில் தனியாகவே கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். மாதூம் என்று பெயர். நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தால் வெறும் சட்டியில் இருபுறமும் லேசாகச் சிவக்க வறுத்துப் போடுங்கள். ரம்பை இலையைப் பொறுத்தவரை எங்கள் கருத்து, முதல்முறை அது வேண்டாம். ரோசெல்லின் சொந்த மணம் எது என்று ஒருமுறை தெரிந்துகொண்ட பிறகு சேர்த்துப் பாருங்கள்.

பாத்திரமும் தண்ணீரும்

இதைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் நிறம் கெடுகிறது.

எவர்சில்வர், எனாமல், கண்ணாடி மூன்றில் எதுவும் சரி. அலுமினியச் சட்டி, இரும்புக் கடாய், ஈயம் பூசாத பித்தளை, செம்பு வேண்டாம். சாறு கடும் புளிப்பு, எலுமிச்சைச் சாற்றுக்கு அவ்வளவு பின்தங்கியதல்ல. சூட்டில் அது உலோகத்தை அரிக்கும். கரைந்த அலுமினியமும் இரும்பும் சிவப்பு நிறமியோடு சேர்ந்து சாற்றை ஊதாவாகவோ கருப்பாகவோ திருப்பிவிடும். நாக்கில் நாணயம் வைத்த ருசியும் வரும். பிரஷர் குக்கரில் வேகமாக முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், தங்கள் குக்கர் அலுமினியமா என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எவர்சில்வர் குக்கரே ஆனாலும் விசில் விடும் அளவு சூடு இதற்குத் தேவையில்லை.

தண்ணீர் விஷயத்தில் உப்பு நீரும் கடின நீரும் எதிரி. ரோசெல்லுக்கு நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் அது சிவப்பு. புளிப்பு குறையக் குறைய ஊதாவுக்கும், காரத்தன்மை ஏறினால் நீலத்துக்கும் பச்சைக்கும் போகும். போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அந்த உப்புகள் காரத்தன்மை கொண்டவை. ரோசெல்லின் புளிப்பில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். வீட்டில் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ இருந்தால் இதற்கு அதையே எடுங்கள்.

செய்முறை

*1. அலசுதல்.* ரோசெல்லைத் தட்டில் பரப்பிக் காம்பு, விதை, கல், பூச்சி இருந்தால் பொறுக்கி எடுங்கள். சல்லடையில் போட்டுக் குழாயடியில் பத்து நொடி, குலுக்கிவிட்டு இன்னொரு பத்து நொடி அலசினால் போதும். கிண்ணத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டாம். தண்ணீர் பட்டதும் நிறமும் புளிப்பும் இறங்க ஆரம்பித்துவிடும்; ஐந்து நிமிடம் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் நல்ல பங்கு வாஷ்பேசினில் போய்விடும்.

*2. இலந்தையை முதலில் வேகவைத்தல்.* இலந்தையைக் கழுவி, நீளவாக்கில் கீறி, கொட்டையை எடுத்துவிடுங்கள். கீறாமல் போட்டால் தோல் சாற்றை விடாது. இரண்டு லிட்டர் தண்ணீரில் இலந்தையும் வறுத்த வில்வ வில்லையும் சேர்த்துக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி வைத்து இருபது நிமிடம் விடுங்கள். தண்ணீர் இளம்பழுப்பாக மாறி, பழங்கள் உப்பியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைப்பதுதான் வழக்கமான தவறு. இலந்தை மெதுவாகச் சாறு விடும் பொருள், ரோசெல் உடனே விடும் பொருள். இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்தால் ஒன்று வேகாது, அல்லது மற்றது வெந்து கெடும்.

*3. ரோசெல்.* தீ குறைவாக இருக்கும்போதே அலசிய புல்லிகளைப் போட்டுக் கரண்டியால் அமுக்கி நனைத்துவிடுங்கள். ரம்பை சேர்ப்பதாக இருந்தால் முடிச்சுப் போட்டு இப்போது போடலாம். மூடி வைத்துப் பத்து நிமிடம். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் குமிழ்கள் மெதுவாக வந்துகொண்டிருந்தால் போதும். பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் கொதிக்க வைக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. தெருக்கடைக்காரர் பெரிய அண்டாவில் செய்கிறார், ஒரே சரக்கிலிருந்து கடைசிச் சொட்டு வரை எடுக்க வேண்டும். அவருடைய கணக்கு வேறு. வீட்டு அளவில் நீண்ட கொதியால் மூன்று கெடுதல். நிறமி சூட்டில் சிதைந்து சிவப்பு செங்கல் நிறமாகிறது. புல்லியில் உள்ள துவர்ப்பு முழுக்க இறங்குகிறது. பெக்டின் கரைந்து சாறு கொழகொழப்பாகிறது. ரோசெல்லில் ஜாம் உறைவது இந்தப் பெக்டினால்தான், பானத்தில் அது வேண்டாத விருந்தாளி.

*4. வடிகட்டுதல்.* முதலில் சல்லடை, பிறகு நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி. துணி கறைபடும், திரும்ப வெளுக்காது. அதற்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். புல்லிகளைக் கரண்டியால் லேசாக அமுக்கலாம், மூட்டை கட்டி முறுக்கிப் பிழியக் கூடாது. பிழிந்தால் கூழ் இறங்கிச் சாறு கலங்கும், அடியில் வண்டல் நிற்கும். வீணாகிறதே என்று தோன்றினால் அதே புல்லியில் இரண்டு டம்ளர் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, அந்த இரண்டாம் சாற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் வெறும் தண்ணீருக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம்.

*5. சர்க்கரையும் உப்பும்.* வடிகட்டிய பிறகு, சூடு இருக்கும்போதே. முன்னாலேயே போட்டால் புல்லிகள் சர்க்கரையைக் குடித்துக்கொள்ளும்; எவ்வளவு இனிப்பு சாற்றில் நின்றது என்று தெரியாது. கையில் இருப்பது சுமார் 1.6 லிட்டர். 150 கிராம் சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள், பிறகு உப்பு. மீதி 50 கிராமை ருசி பார்த்த பிறகு போடலாம்.

உப்பை விட்டுவிடாதீர்கள். தெருக்கடைப் பானத்துக்கும் டீ பேக்கை நனைத்து எடுத்த பானத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த உப்புதான். உப்பாகத் தெரியும் அளவுக்குப் போடக் கூடாது. புளிப்பின் முனை மழுங்கி இனிப்பு முன்னால் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். கால் டீஸ்பூனில் தொடங்கி ஒவ்வொரு சிட்டிகையாக ஏற்றினால் அந்த இடம் தெரியும்.

வெல்லமும் பனங்கருப்பட்டியும் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், குடிக்க நன்றாகவும் இருக்கும். ஆனால் சிவப்பு போய்க் காபி நிறம் வந்துவிடும், கருப்பட்டியின் மணம் ரோசெல்லை மூடிவிடும். தேன் என்றால் சாறு ஆறிய பிறகு.

*6. ருசி பார்த்தல்.* இந்தப் பானத்தின் சூட்சுமம் முழுக்க இங்கேதான். சூடான சாற்றைக் கரண்டியில் எடுத்து ருசித்து 'சரியாக இருக்கிறது' என்று முடிவு செய்தால், ஐஸில் அது சப்பென்றுதான் இருக்கும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், புளிப்பு அவ்வளவு குறையாது. போதாததற்கு ஐஸ் உருகிப் பானத்தை நீர்க்கச் செய்யும். 300 மில்லி டம்ளரை ஐஸால் நிரப்பினால் 150 மில்லி பானம்தான் பிடிக்கும். அதில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை. 50 மில்லி அளவுக்கு ஐஸ் உருகினால், அதே 17 கிராம் 200 மில்லியில் பரவிவிடும்; இனிப்பு நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அதனால் ஒரு சின்ன டம்ளரில் இரண்டு ஐஸ் கட்டி போட்டு, இரண்டு மேசைக்கரண்டி சாறு ஊற்றி, ஒரு நிமிடம் சுழற்றிவிட்டுக் குடித்துப் பாருங்கள். அந்தச் சுவைக்குத்தான் சர்க்கரையையும் உப்பையும் சரிசெய்ய வேண்டும். ஐஸில் சரியாக இருக்கும் சாறு, ஐஸ் இல்லாமல் குடித்தால் திகட்டும், கொஞ்சம் அடர்த்தியாகவும் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

*7. ஆறவைத்தல்.* பாத்திரத்தை அகலமான தட்டில் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினால் அரை மணி நேரத்தில் ஆறும். பிறகு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஐஸில் ஊற்றினால் பாதி ஐஸ் அங்கேயே கரைந்துவிடும்.

*8. பரிமாறுதல்.* டம்ளர் நிறைய ஐஸ், அதன் மேல் பானம். தாய்லாந்தில் நொறுக்கிய ஐஸோ, நடுவில் துளையுள்ள குழாய் ஐஸோ போடுவார்கள். வீட்டு ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் இரண்டு தட்டு தட்டினால் நொறுங்கிய ஐஸ் கிடைக்கும்; சீக்கிரம் குளிரும், சீக்கிரம் உருகவும் செய்யும். மெதுவாகக் குடிப்பவர்களுக்குப் பெரிய கட்டியே நல்லது. நீர்த்துப்போகவே கூடாது என்றால் பானத்தின் ஒரு பகுதியை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து அந்தக் கட்டிகளைப் போடுங்கள்.

பச்சைப் புல்லி கிடைத்தால்

மாடியிலோ தோட்டத்திலோ சிவப்புப் புளிச்சை வளர்ப்பவர்களுக்கு இது. பகல் குறுகும் காலத்தில்தான் இந்தச் செடி பூக்கும், அதனால் தாய்லாந்திலும் ஆண்டுக் கடைசியை ஒட்டித்தான் அறுவடை. பூ உதிர்ந்து, புல்லி சதைப்பற்றாக, அழுத்தினால் விறைப்பாக இருக்கும்போது பறிக்க வேண்டும். நாள் தள்ளினால் நார் ஏறும்.

காய்ந்த 40 கிராமுக்குப் பச்சையாக 350 முதல் 400 கிராம் வேண்டும். உள்ளே இருக்கும் விதைக்காயை எடுத்தாக வேண்டும். அடிக்காம்பைச் சுற்றிக் கத்தியால் வட்டமாக வெட்டி, அடியிலிருந்து விரலால் தள்ளினால் பச்சைக் காய் மேலே வந்து விழும். இதற்கென்றே தாய்லாந்தில் மெல்லிய உலோகக் குழாய் வைத்திருப்பார்கள். அடியில் குத்தித் தள்ளினால் ஒரே அசைவில் காய் வெளியே போகும். காயோடு கொதிக்கவைத்தால் வெண்டைக்காய்போல வழவழப்பு இறங்கும். காயின் மேல் நுண்ணிய சுணைகளும் உண்டு, நிறையச் செய்யும்போது கையுறை போடுவது நல்லது. பச்சைப் புல்லி சீக்கிரம் வேகும், ஏழெட்டு நிமிடம் போதும்.

கெட்டிச் சாறாக வைத்துக்கொள்ள

விருந்துக்கு மொத்தமாகச் செய்யும்போது ஃபிரிட்ஜில் இடம் இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் ரோசெல் போட்டு மேலே சொன்னபடி செய்து, வடிகட்டியதில் 300 கிராம் சர்க்கரையும் கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல் உப்பும் கரையுங்கள். பரிமாறும்போது ஒரு பங்கு சாறுக்கு ஒன்றரைப் பங்கு குளிர்ந்த தண்ணீர். வெள்ளை சோடா ஊற்றினாலும் நன்றாக இருக்கும். அது தாய்லாந்துத் தெருவின் பழக்கமல்ல, விருந்துக்குப் பொருந்தும்.

அடுப்பே இல்லாமலும் செய்யலாம். கொதித்து ஆறிய ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 40 கிராமைப் போட்டு, ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம் வைத்து வடிகட்டினால் தெளிவான, துவர்ப்பு இல்லாத சாறு கிடைக்கும். சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். இதில் இலந்தையின் கனமும் கொதித்த மணமும் வராது. எங்களுக்குக் கொதிக்க வைத்ததுதான் பிடிக்கிறது.

எங்கே தவறுகிறது

சாறு ஊதாவாக இருக்கிறது: தண்ணீரோ பாத்திரமோ காரணம். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பளிச்சென்று சிவந்தால் தண்ணீரின் காரத்தன்மை. மொத்தத்துக்கும் சிறிது விட்டுச் சரிசெய்யலாம். உலோக வாடையும் சேர்ந்து வந்தால் கொட்டிவிடுவதுதான் நல்லது.

செங்கல் நிறம், பழுப்பு: அதிகம் கொதித்தது, அல்லது பழைய சரக்கு. எலுமிச்சையால் இது திரும்பாது. ருசி சுமாராக இருந்தால் குடிக்கலாம்.

வழவழப்பு: நீண்ட கொதி, விதைக்காய், அல்லது வாங்கியது செம்பருத்தி.

புளிப்பு தாங்க முடியவில்லை: சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே போகாதீர்கள். முதலில் ஒரு சிட்டிகை உப்பு, பிறகு இரண்டாம் சாறு அல்லது தண்ணீர், கடைசியில் சர்க்கரை.

அடியில் மண்: வடிகட்டிய சாற்றை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் உள்ள ஒரு கரண்டியைத் தியாகம் செய்துவிடலாம்.

பால் ஊற்றிப் பிங்க் நிறமாக்கும் ஆசை: புளிப்பில் பால் உடனே திரியும். தாய்லாந்தின் சிவப்புப் பால், பிங்க் பால் எல்லாம் வேறு சிரப்பில் செய்வது.

ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் இருக்கும். வெளியே வைத்தால், புளிப்பாக இருக்கிறதே கெடாது என்று நம்ப வேண்டாம். சர்க்கரை இருக்கும் இடத்தில் ஈஸ்ட் வேலை செய்யும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று வந்தாலோ, ஓரத்தில் நுரை கட்டியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது இதைச் சீக்கிரம் வரவழைக்கும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

தாய்லாந்து நாட்டு வைத்தியத்தில் சிறுநீர் நன்றாகப் பிரிய இதைக் கொடுப்பார்கள். ரோசெல் ரத்த அழுத்தத்தை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகளும் உண்டு. அதனாலேயே பிரஷர் மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், தாழ் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை அன்றாடப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் ஆகாது. சர்க்கரை நோயாளிகள் மேலே சொன்ன 17 கிராம் கணக்கை மறக்க வேண்டாம். இலந்தையைக் கூட்டி, சர்க்கரையைக் குறைத்து, இரண்டாம் சாறு கலந்து நீர்க்கச் செய்தால் அளவு குறையும், இலந்தையிலும் இனிப்பு உண்டு என்பதும் கணக்கில் இருக்கட்டும். ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் பல்லுக்கு நல்லது. குடித்த கையோடு பல் தேய்க்க வேண்டாம், புளிப்பில் எனாமல் சற்று இளகியிருக்கும்.

மிச்சமும் கறையும்

வடிகட்டிய புல்லிகளை எறிய வேண்டாம். இலந்தைத் தோலையும் வில்வ வில்லையையும் நீக்கிவிட்டு மிக்ஸியில் ஓட்டி, எடையில் முக்கால் பங்கு சர்க்கரை சேர்த்து, எவர்சில்வர் வாணலியில் கிளறுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளும்போது சுருங்கினால் பதம். புளிப்பில் பெரும்பகுதி பானத்துக்குப் போய்விட்டதால் அரை எலுமிச்சை பிழிந்தால்தான் நன்றாக உறையும்.

சட்டையில் சிந்தினால் சோப்பை எடுக்காதீர்கள். சோப்பின் காரத்தில் சிவப்புக் கறை கண்ணெதிரே நீலச்சாம்பலாக மாறி அப்படியே நின்றுவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவி ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் அலசுங்கள். சோப்பு அதற்குப் பிறகு. சமையல் மேடை பாலிஷ் போட்ட மார்பிள் என்றால் உடனே துடைக்க வேண்டும். அங்கே கறையோடு நிற்காது, புளிப்பு கல்லையும் அரிக்கும்.